தொட்டிக்கு ஒரு நாயக மீன்: கடைக்குப் போகும் முன் தண்ணீரைப் பாருங்கள்

திருப்பரங்குன்றத்துப் பக்கத்திலிருந்து வாசகர் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய பெயரையும் வீட்டு விவரங்களையும் தவிர்த்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவர் தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்கராக வேலை பார்க்கிறார். வீட்டில் மனைவியும் எட்டாம் வகுப்பு படிக்கும் மகளும் இருக்கிறார்கள். ஏழு மாதங்களுக்கு முன் வீட்டுக் கூடத்தில் 3 அடி நீளமும் 1¼ அடி அகலமும் 1½ அடி உயரமும் கொண்ட கண்ணாடித் தொட்டி ஒன்றை வைத்தார். அதில் இப்போது ஒன்பது சிறிய நியான் டெட்ராக்களும் அடியில் மேயும் ஆறு கோரிடோராஸ்களும் ஐந்தாறு கப்பிகளும் பாசி சுரண்டும் ஒரு சக்கர் மீனும் இருக்கின்றன. நியான்கள் வாங்கும்போது பதினைந்து இருந்தன; ஆறு செத்துப்போயின. ‘நியானுக்கு ஆயுசே அவ்வளவுதான் சார்’ என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். மாதத்துக்கு ஒருமுறை மீன்களை வாளிக்கு மாற்றி, தொட்டியை முழுவதுமாகக் காலி செய்து, கூழாங்கற்களையும் ஃபில்டர் பஞ்சையும் குழாயடியில் அலசி, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைப் புதிதாக நிரப்புகிறார். அந்தத் தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது அதில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 950. நான்கு நாட்களுக்கு ஒருமுறை வரும் வைகைக் குடிநீரின் டி.டி.எஸ். 220. சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீரின் வெப்பம் 32 டிகிரியைத் தொட்டிருக்கிறது.

வீட்டுக்கு வருகிறவர்கள் ‘தொட்டி பெருசா இருக்கு, மீனத்தான் காணோம்’ என்று சொல்வது இவருக்கு உறுத்துகிறது. ஆகவே பார்த்தவுடன் கண்ணை இழுக்கிற ‘நாயக மீன்’ ஒன்றை விட விரும்புகிறார். கடைக்காரர் காசு அளவிலான ஏஞ்சல் மீன் குஞ்சுகள் இரண்டைக் காட்டி, ‘ஏஞ்சலும் அமேசான், நியானும் அமேசான், ரெண்டும் ஒரே ஊர்க்காரங்க, சண்டையே வராது’ என்கிறார். மகள் டிஸ்கஸ் கேட்கிறாள். மைத்துனர் தம்முடைய ஃபிளவர்ஹார்னை இலவசமாகத் தருவதாகச் சொல்கிறார்; அது வேண்டாம் என்றால் வாஸ்துவுக்கு ஒரு அரோவானாவாவது வாங்கச் சொல்கிறார். இவற்றில் எதை வாங்குவது, சக்கர் பெரிதாகிக்கொண்டே போவதால் அதைப் பக்கத்துக் கண்மாயில் விட்டுவிடலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவியது நீங்கள் கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்திருந்த தேதிகள்தாம். தொட்டி கழுவிய நாட்களையும் நியான்கள் இறந்த நாட்களையும் தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இறந்த ஆறில் ஐந்து, தொட்டியைக் கழுவிய ஒரு வாரத்துக்குள் இறந்திருக்கின்றன. நல்ல பராமரிப்பில் ஐந்தாண்டுகள் வரை வாழக்கூடிய மீனுக்கு ஆயுள் ஏழு மாதம்தான் என்று யார் சொன்னாலும் ஏற்றுக்கொள்ள வேண்டாம். நீங்கள் வாங்கவிருக்கும் நாயக மீனும் இதே தொட்டிக்குத்தான் வரப்போகிறது என்பதால், எந்த மீன் என்ற கேள்விக்கு முன் இதைப் பேசிவிடுவது நல்லது.

முதலில் தண்ணீர்

மீன் சுவாசத்தின் வழியாகவும் கழிவின் வழியாகவும் அம்மோனியாவை வெளியிடுகிறது. ஃபில்டர் பஞ்சிலும் கற்களின் மேற்பரப்பிலும் குடியேறுகிற பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு அதிகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் போதிய அளவுக்குப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நீங்கள் மாதந்தோறும் பஞ்சையும் கற்களையும் குழாயடியில் அலசும்போது அவற்றில் பெரும்பகுதியைச் சாக்கடைக்கு அனுப்பிவிடுகிறீர்கள். கண்ணாடி பளிச்சென்று இருக்கிறது. ஆனால் உயிரியல் கணக்கில் உங்கள் தொட்டி ஏழு மாதமாக முதல் மாதத்திலேயே நிற்கிறது.

நம் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீர் இந்தச் சிக்கலைப் பெருக்குகிறது. அம்மோனியா முழுவதும் நஞ்சன்று. அதில் அயனியாகாத பகுதிதான் செவுளைத் தாக்குகிறது. தண்ணீர் 30 டிகிரி வெப்பத்தில் இருக்கும்போது, பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) 7 ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் அந்த நச்சுப் பகுதி ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு, பி.எச். 8 ஆக இருந்தால் ஏறத்தாழ ஏழரை விழுக்காடு. தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில் ஒரே நிறத்தைக் காட்டுகிற இரண்டு தொட்டிகளில் ஒன்றில் மீன் நிம்மதியாக மேய்ந்துகொண்டிருக்கலாம், மற்றொன்றில் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடலாம். கிணற்று நீரின் பி.எச்.-ஐ நீங்கள் எழுதவில்லை. வாளியின் உட்புறத்தில் வெள்ளையாகப் படிகிறது என்று எழுதியிருப்பதை வைத்து அது 8-ஐ ஒட்டியே இருக்கும் என்று ஊகிக்கிறேன். ஒருமுறை அளந்துவிடுங்கள்.

ஆகவே இனிமேல் முழுக் கழுவல் வேண்டாம். உங்கள் தொட்டியின் கொள்ளளவு கணக்குப்படி 159 லிட்டர். கற்களுக்கும் மேலே விடும் இடைவெளிக்கும் கழித்தால் 130 லிட்டர் தண்ணீர் நிற்கும். வாரம் ஒருமுறை அதில் ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 26 லிட்டரைக் குழாய் வைத்து அடியிலிருந்து உறிஞ்சி எடுத்துவிட்டு, அதே அளவு வைகைக் குடிநீரை விடுங்கள். குடிநீரில் குளோரின் இருக்கும் என்பதால் முந்தின நாளே திறந்த டிரம்மில் பிடித்து, ஏர் பம்பைப் போட்டு ஒரு நாள் முழுக்க ஓடவிட வேண்டும். அவசரமென்றால் கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரின் சொட்டு மருந்து போதும். ஃபில்டர் பஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே இரண்டு முறை பிழிந்து போட்டால் போதும்.

நல்ல தண்ணீர் என்பதற்காக ஒரே நாளில் மொத்தமும் மாற்றிவிடாதீர்கள். 950-லிருந்து 220-க்கு ஒரே நாளில் இறங்குவது மீனுக்குப் பெரிய அதிர்ச்சி. வாரத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு என்று மாற்றினால் முதல் வாரம் 804, இரண்டாம் வாரம் 687 என்று படிப்படியாக இறங்கி, ஆறாவது வாரத்தில் 410-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். இடையில் வெயிலில் ஆவியாகிக் குறைகிற தண்ணீரை ஈடுகட்டக் கிணற்று நீரை ஊற்றிவிடக் கூடாது. ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு அங்கேயே தங்கும். அதன் மேல் உப்புத் தண்ணீரையே ஊற்றினால் இந்தக் கணக்கு முழுவதும் வீணாகும்.

இந்த ஆறு வாரமும் புதிய மீன் எதுவும் வேண்டாம். மகளுக்கு இது நீண்ட காலமாகத் தோன்றும் என்பது எனக்குத் தெரியும். டெஸ்ட் கிட்டையும் ஒரு நோட்டையும் அவளிடமே கொடுத்து, வாரந்தோறும் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் அளந்து எழுதச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு மூன்று வேளை தீனி போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அதை ஒரு வேளையாக, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவாகக் குறைத்துவிடுங்கள்.

‘ஒரே ஊர்க்காரர்கள்’ என்ற வாதம்

இப்போது ஏஞ்சலுக்கு வருகிறேன். அழகில் அதற்கு ஈடு குறைவுதான். கூடத்தின் கதவைத் திறந்தவுடன் கண்ணில் படும். உங்கள் தொட்டியின் 1½ அடி உயரம் அதன் நீண்ட துடுப்புகளுக்குப் போதும். பண்ணையில் வளர்ந்தவை சற்றுக் கடினமான தண்ணீரையும் தாங்கும். வெப்பத்தையும் நியானைவிட நன்றாகப் பொறுத்துக்கொள்ளும். கடைக்காரர் சொன்னதுபோல் ஏஞ்சலும் நியானும் அமேசான் படுகையைச் சேர்ந்தவை என்பதும் உண்மை. ஆனால் வைகையில் கொக்கும் கெண்டைக் குஞ்சும்கூட ஒரே ஊர்தான். இயற்கையில் ஏஞ்சல் சிறு மீன்களைப் பிடித்துத் தின்கிற இனம். இன்று காசு அளவில் இருக்கும் குஞ்சு, ஓராண்டுக்குள் துடுப்பின் நுனியிலிருந்து நுனிவரை ஒரு சாண் உயரத்துக்கு வந்துவிடும். அப்போது ஒல்லியான நியான் அதன் வாய்க்குள் தாராளமாக அடங்கும்.

இதில் ஏமாற்றுவது அந்த இடைப்பட்ட காலம். மூன்று மாதம், நான்கு மாதம் எதுவும் நடக்காது. ‘நம்ம ஏஞ்சல் சாது’ என்று நம்பத் தொடங்கியிருப்போம். பிறகு ஒவ்வொரு காலையும் எண்ணிக்கையில் ஒன்று குறையும். விளக்கை அணைத்த பிறகு நியான்கள் அசையாமல் நிற்கும்போதுதான் வேட்டை நடக்கும் என்பதால் யார் கண்ணிலும் படாது. ஒருமுறை என்னிடம் ஒரு ஏஞ்சலைப் பாலித்தீன் பையில் கொண்டுவந்து, வாயில் ஏதோ கட்டி என்றார்கள். பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். கட்டி சிவப்பாக, நடுவில் பிளவுபட்டு, மீன் வால் வடிவில் இருந்தது.

இரண்டாக வாங்குவதிலும் ஒரு சிக்கல் உண்டு. குஞ்சில் ஆண் பெண் தெரியாது. இரண்டும் ஆணாக அமைந்தால் அடித்துக்கொள்ளும். ஜோடியாக அமைந்தால் முட்டையிடும் காலத்தில் தொட்டியின் பாதியைத் தமதாக்கிக்கொண்டு மற்ற எல்லா மீன்களையும் ஒரு மூலைக்குத் தள்ளிவிடும். மீன் தன் முட்டையைப் பார்வையாலேயே பொரிக்கச் செய்யும் என்று மீனாட்சியின் பெயரை வைத்து நம் ஊரில் அழகாகச் சொல்வார்கள். ஏஞ்சல் ஜோடி அந்த இரண்டு மூன்று நாட்களும் முட்டையை விட்டு நகராமல் துடுப்பால் விசிறிக்கொண்டே இருப்பதைப் பார்த்தால், அப்படிச் சொன்னவர்களும் ஏதோ குளத்தங்கரையில் நின்று மீனைக் கவனித்தவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். அந்த நாட்களில் அதன் பக்கம் தெரியாமல் போகிற கோரிடோராஸின் பாடு மட்டும் பாவம்.

உங்களுக்கு ஏஞ்சல்தான் வேண்டும் என்றால் அதுவும் முடியாத காரியமன்று. நியான்களையும் கப்பிகளையும் வேறு யாருக்காவது கொடுத்துவிட்டு, கோரிடோராஸ்களோடு ஒரே ஒரு ஏஞ்சலை வளருங்கள். அதோடு டைகர் பார்பையும் விடோ டெட்ராவையும் சேர்க்காதீர்கள். இரண்டும் நீண்ட துடுப்புகளைக் கடித்துக் கந்தலாக்கிவிடும்.

மற்ற பரிந்துரைகள்

டிஸ்கஸ் உங்கள் மகளின் ரசனையைக் காட்டுகிறது. குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது ஐந்தாறாகக் கூட்டமாக வளர்க்க வேண்டிய மீன். 28 முதல் 30 டிகிரி வெப்பமும் மென்மையான தண்ணீரும் அடிக்கடி தண்ணீர் மாற்றமும் கேட்கும். இரண்டு மூன்று ஆண்டுகள் ஒரு தொட்டியைத் தவறாமல் பராமரித்த கைக்கு ஏற்றது. அவள் கல்லூரிக்குப் போகும் முன் அதற்கு நேரம் இருக்கிறது.

ஃபிளவர்ஹார்ன் 1990-களில் மலேசியாவில் சிக்லிட் என்ற மீன் குடும்பத்தின் பல இனங்களைக் கலந்து உருவாக்கப்பட்ட மீன். ஓரடி வரை வளரும். தொட்டியில் வேறு எதையும் வாழவிடாது. கோரிடோராஸோடு சேர்த்தால் விழுங்கியவருக்கும் ஆபத்து. விழுங்கப்படும்போது கோரிடோராஸ் தன் பக்கத் துடுப்பு முட்களை விறைத்துப் பூட்டிக்கொள்ளும், அது தொண்டையில் சிக்கிக்கொள்ளும். அப்படிச் சிக்கியதை இடுக்கியால் எடுக்க முயன்று இரண்டு மீனையும் இழந்த அனுபவம் எனக்கு உண்டு. மைத்துனரிடம் மனம் நோகாமல் மறுத்துவிடுங்கள். வாஸ்து உங்கள் குடும்ப நம்பிக்கை, அதில் நான் கருத்துச் சொல்ல விரும்பவில்லை. ஆனால் இரண்டடிக்கு மேல் வளர்கிற அரோவானா உங்கள் 1¼ அடி அகலத் தொட்டியில் திரும்பக்கூட முடியாது. தவிரவும் ஆசிய அரோவானா, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்துக்கான சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் உள்ள இனம். 2022-இல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அப்படிப்பட்ட உயிரினத்தை வைத்திருப்பவர் பதிவு செய்தாக வேண்டும். பில்லும் பதிவும் இல்லாமல் ‘அன்பளிப்பாக’ வந்தாலும் பொறுப்பு உங்களுடையதே.

‘தொட்டி எவ்வளவோ அவ்வளவுதான் மீன் வளரும்’ என்ற நம்பிக்கையையும் நீங்கள் ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். சிறிய தொட்டியில் மீனின் வளர்ச்சி குன்றுவதுண்டு. அது தொட்டிக்கு ஏற்ப அடங்கிப் போவதன்று, கழிவு தேங்கிய தண்ணீரில் நலிந்து ஆயுளைக் குறைத்துக்கொள்வது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மிஸ் கேரளா மீனையும் யாராவது உங்களுக்குக் காட்டக்கூடும். சிவப்புப் பட்டை மின்ன அது ஓடுகிற அழகே தனி. ஆனால் அது ஓடுகிற குளிர்ந்த நீரோடையின் மீன், கூட்டமாக வாழ்வது, உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யு.சி.என். பட்டியலில் அழியும் ஆபத்திலுள்ள இனம். நம் ஊர்க் கோடைக்குப் பொருந்தாது.

என் தேர்வு: பேர்ள் கௌராமி

உங்கள் தொட்டிக்கு நான் சொல்வது ஒரு ஆணும் இரண்டு பெண்களுமாக மூன்று பேர்ள் கௌராமிகள். தாய்லாந்து, மலேசியா, சுமத்ரா, போர்னியோ பகுதிகளின் சதுப்புகளும் மெதுவாக ஓடும் நீர்நிலைகளும் இதன் பிறப்பிடம். நான்கு முதல் ஐந்து அங்குலம் வரை வளரும். வெண்கல நிற உடல் முழுவதும் முத்துப் பதித்ததுபோல் வெண்புள்ளிகள்; வாயிலிருந்து வால் அடிவரை ஒரு கறுப்புக் கோடு. பாண்டிய நாட்டுக்காரருக்கு முத்தின் அழகை நான் விளக்க வேண்டியதில்லை. வளர்ந்த ஆணுக்குத் தொண்டையும் மார்பும் செம்மஞ்சளாகும். முதுகுத் துடுப்பு நீண்டு கூர்மையாகும். பெண்ணின் துடுப்பு வட்டமாக இருக்கும். வயிற்றுப் பகுதியிலிருந்து நீளும் நூல்போன்ற இரண்டு துடுப்புகளால் இலையையும் கண்ணாடியையும் மற்ற மீன்களையும் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே போகும். வேகமாக எதுவும் செய்யாது. அந்த நிதானம்தான் அதை நாயக மீனாக்குகிறது. கீழே நியான்கள் ஓடிக்கொண்டிருக்க, மேல்பாதியில் இது மிதந்து போகும்போது பார்வை தானாக அதன் பின்னால் போகும்.

உடல் அளவுக்கு அதன் வாய் சிறியது. வளர்ந்த நியானை விழுங்காது. கப்பி போடும் குஞ்சுகளைத் தின்னும், அது உங்களுக்கு ஒருவகையில் உதவியே. உங்கள் தண்ணீர் 400 டி.டி.எஸ்.-க்கு இறங்கியபின் அதற்கு எந்தக் குறையும் இருக்காது.

ஆனால் நான் இதைத் தேர்ந்தெடுக்கும் முதற்காரணம் அழகன்று. கௌராமிக்குச் செவுளோடு, தலைக்குள் லாபிரிந்த் என்ற மடிப்பு மடிப்பான உறுப்பு ஒன்று உண்டு. அதைக் கொண்டு மேற்பரப்புக்கு வந்து காற்றையே நேரடியாகச் சுவாசிக்கும். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் வரை கரைவது 32 டிகிரியில் 7.3 ஆகிவிடும். இதோடு மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை முதல் மாலை வரை மின்சாரம் நிற்கிற நாளையும் சேர்த்துப் பாருங்கள். ஃபில்டர் நின்று, கூடத்தில் காற்றாடியும் இல்லாமல், சித்திரை மதியத்தில் தத்தளிக்கிற தொட்டியில் நிலைகுலையாமல் இருக்கும் மீன் இது. தண்ணீர்ப் பரப்புக்கும் மூடிக்கும் இடையில் இரண்டு அங்குல இடைவெளி விடுங்கள். விளிம்புவரை நிரப்பினால் அது மூச்செடுக்க இடமில்லாமல் போகும். மற்ற மீன்களுக்காகப் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கட்டாயம் வேண்டும்.

கடையில் ‘கௌராமி’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஜயண்ட் கௌராமி இரண்டடி வரை வளரும். முத்தமிடும் மீன் என்று விற்கப்படும் கிஸ்ஸிங் கௌராமி ஓரடி வரும். நீலம், தங்க நிறங்களில் மலிவாகக் கிடைக்கிற புளூ கௌராமியின் ஆண் வளர்ந்தபின் மற்ற மீன்களை விரட்டும். சிறிய டுவார்ஃப் கௌராமி நம் கங்கை, பிரம்மபுத்திராப் பகுதி மீன்தான், அழகானதும்கூட. ஆனால் பண்ணையில் வளரும் நிற வகைகளில் மருந்தில்லாத வைரஸ் நோய் ஒன்று உலகெங்கும் பரவியிருப்பதால் புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

வாங்கும்போது கடைத் தொட்டியின் முன் பத்து நிமிடம் நில்லுங்கள். தீனி போடச் சொல்லிப் பாருங்கள். வந்து தின்கிற மீனை எடுங்கள். வயிறு ஒட்டியது, துடுப்பை உடலோடு ஒட்டி வைத்திருப்பது, உடலில் உப்புத்தூள் தூவினாற்போல் புள்ளி உள்ளது ஆகியவற்றை விட்டுவிடுங்கள். அதே தொட்டியில் ஒன்று செத்துக் கிடந்தாலும் அன்று திரும்பி வந்துவிடுங்கள். வீட்டுக்கு வந்தபின் நேராகப் பெரிய தொட்டியில் விடாமல், ஸ்பாஞ்ச் ஃபில்டர் போட்ட தனித்தொட்டியில் மூன்று வாரம் வைத்துப் பார்ப்பது நல்லது. அந்த ஸ்பாஞ்சை இப்போதே பெரிய தொட்டிக்குள் போட்டு வைத்தால் ஆறு வாரத்தில் அதிலும் பாக்டீரியா பிடித்திருக்கும். பையின் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

பெரிய தொட்டிக்கு மாற்றிய முதல் பத்து நாள் கௌராமிகள் செடிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ‘கண்ணில் படும் மீன் என்றாரே’ என்று என்னை நொந்துகொள்ள வேண்டாம். மேலே மிதக்கும் செடி கொஞ்சம் போட்டு, ஃபில்டரின் வேகத்தைக் குறைத்து வைத்தால் தைரியம் வந்துவிடும்.

ஒருவேளை குடிநீர் போதிய அளவு கிடைக்காமல் கிணற்று நீரையே நம்ப வேண்டியிருந்தால், என் பதில் வேறு. அப்போது நியானைக் கைவிட்டு, கடினமான காரத் தண்ணீரிலேயே செழிக்கும் போஸ்மானி ரெயின்போ மீன்கள் ஆறு வாங்குங்கள். முன்பாதி நீலமும் பின்பாதி ஆரஞ்சுமாக, மேற்கு பப்புவாவின் ஏரிப் பகுதியிலிருந்து வந்த இனம். குஞ்சில் சாம்பல் நிறமாக இருப்பதால் கடையில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நிறம் ஏற ஓராண்டு ஆகும். தனி நாயகன் இல்லை, ஆறும் சேர்ந்துதான் நாயகன்.

நியான்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவற்றுக்கு 21 முதல் 26 டிகிரிதான் இதமானது. மதுரைக் கோடையில் குளிர்சாதனம் இல்லாத கூடத்தில் அவை சிரமப்பட்டுத்தான் வாழும். தொட்டி மூடிக்குப் பதில் வலை போட்டு, சிறிய காற்றாடி ஒன்றைத் தண்ணீர்ப் பரப்பைத் தடவும்படி ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி குறையும். இருக்கிற ஒன்பதை அப்படிக் காப்பாற்றுங்கள். குறைந்தால் மறுபடி நியானே வாங்காமல், வெப்பத்தைத் தாங்குகிற கார்டினல் டெட்ராவுக்கு மாறிக்கொள்ளலாம்.

சக்கரும் கண்மாயும்

சக்கர் தொட்டியைச் சுத்தம் செய்யும் என்பது பாதி உண்மை. பாசியைக் கொஞ்சம் சுரண்டும். அதைவிடப் பல மடங்கு கழிவு போடும். இரண்டு அங்குலத்தில் வாங்கியது இப்போது நான்கு அங்குலம். ஓரடிக்கு மேல் போகும். கௌராமிகள் வருவதற்குள் அது போய்விட வேண்டும்; அதை அனுப்பிவிடும் உங்கள் எண்ணம் சரி, ஆனால் போகும் இடம் கண்மாயன்று. தென்னமெரிக்க இனமான இது தமிழ்நாட்டின் பல நீர்நிலைகளில் ஏற்கெனவே பெருகிவிட்டது. கரையில் குடைந்து வளை தோண்டி முட்டையிடும். கவசம்போன்ற முள் உடலால் மீனவர் வலையைக் கிழிக்கும். நம் கெண்டையும் கெளுத்தியும் தின்ன வேண்டியதைத் தின்றுவிடும். கண்மாய்க் கரை உடைந்தால் என்ன ஆகும் என்று உங்கள் ஊரில் விவசாயம் பார்க்கும் எவரும் சொல்வார்கள். வண்டியூர்த் தெப்பக்குளத்துக்கும் வைகைக்கும் இதே பதில்தான். கப்பிகளுக்கும் இது பொருந்தும்.

வாங்கிய கடையிலேயே திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பணம் கேட்காவிட்டால் பெரும்பாலான கடைக்காரர்கள் மறுக்க மாட்டார்கள். மறுத்தால் ஆறடித் தொட்டியோ சிமென்ட் தொட்டியோ வைத்திருக்கும் ஒருவரைத் தேடிக் கொடுத்துவிடுங்கள்.

ஆறாவது வாரம் முடிந்ததும் மகளின் நோட்டிலிருந்து டி.டி.எஸ்., பி.எச்., அம்மோனியா, நைட்ரைட் அளவுகளை எனக்கு எழுதி அனுப்புங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து இரண்டு வாரம் பூஜ்ஜியம் காட்டியிருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமையே கடைக்குப் போகலாம்.